வாத்தியாரின் பதினாலாயிரம்

"ஏன் தம்பி, பன்னிரண்டு லட்சம் வரைக்கும் வரியே கிடையாதுன்னு டில்லியிலே சொல்லியாச்சு. எனக்கு மாசம் நாப்பதாயிரம் பென்ஷன். பிறகு என் பணத்திலே பதினாலாயிரத்தை என்னத்துக்குப் பிடிச்சான்?"

கேட்டவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வயது 67. கேட்ட இடம் ஆழ்வார்திருநகரியில் ஒரு தேநீர்க் கடை. கூட்டம் முடிந்து, ஒலிபெருக்கிக் குழாய்களைக் கழற்றி வண்டியிலே ஏற்றிக்கொண்டிருந்த நேரம். ஆனி மாதத்துக் காற்று ஆற்றுப் பக்கமிருந்து இதமாக வீசிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் மேடையிலே முழங்கியிருந்தேன். நிதி என்றேன், நீதி என்றேன், உரிமை என்றேன், கையொலியும் கிடைத்தது. இறங்கி வந்து ஒரு மிடறு தேநீர் பருகுவதற்குள், முன்வரிசையிலே அமைதியாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரே கேள்வியிலே என்னை மடக்கிப் போட்டுவிட்டார்!

அவர் கையிலே ஒரு மஞ்சள் பை. பைக்குள்ளே வங்கிப் புத்தகம், வைப்புத்தொகைச் சீட்டு, ஓய்வூதியத் தாள், நாலாக மடித்த ஒரு கடிதம். "பழைய காகிதமெல்லாம் 2023 டிசம்பர் வெள்ளத்தோட போயிட்டு தம்பி. மிஞ்சினது இவ்வளவுதான்" என்றார். அந்த வெள்ளத்தை யார் மறப்பார்? டிசம்பர் 17, 18 தேதிகளிலே பொருநை பொங்கி எழுந்து, பக்கத்திலே ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயிலை நட்டாற்றுத் தீவு போல நிறுத்திவைத்த நாட்கள் அல்லவா அவை!

வரி என்ற சொல் தமிழிலே வேடிக்கையான சொல். புலியின் உடம்பிலே இருந்தால் அழகு. ஏட்டிலே இருந்தால் எழுத்து. சம்பளச் சீட்டிலே இருந்தால் மட்டும் ஆளுக்கு வியர்க்கிறது. வியர்ப்பதற்குக் காரணம் பணம் போவது மட்டுமல்ல. எதற்குப் போகிறது, எவ்வளவு போகவேண்டும், போனதிலே எவ்வளவு திரும்பி வரவேண்டும் என்பதை யாரும் நம்மிடம் நம் பேச்சிலே சொல்லாததுதான். ஆர்.கே. சண்முகம், டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், ப. சிதம்பரம் என்று நிதிப் பேழையின் சாவி எத்தனை முறை தமிழர் இடுப்பிலே தொங்கியிருக்கிறது! ஆனாலும் வரிச் சட்டம் மட்டும் தேநீர்க் கடைத் தமிழுக்கு இறங்கி வரவே இல்லை. ஆகவே வாத்தியாரின் கணக்கை நாங்கள் அந்தப் பலகையிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். கடைக்காரர் ஒரு காலண்டர் தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

முதலிலே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு லட்சம் வரை வருமான வரி 'கிடையாது' என்பதல்ல சட்டம். 2025-26ஆம் நிதியாண்டிலே, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை கைக்கு வந்த வருமானத்துக்குப் புதிய முறையிலே அட்டவணை இப்படி: முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை. அடுத்த 4 லட்சத்துக்கு நூற்றுக்கு 5. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10. பிறகு நாலு நாலு லட்சமாக 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேலே 30. இந்த அட்டவணைப்படி 12 லட்சம் உள்ளவருக்கு வரி உண்டு. 60,000 ரூபாய் வரி. போட்ட வரியை அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு தள்ளிவிடுகிறது. 'தள்ளுபடி' என்று துணிக்கடையிலே எழுதியிருக்குமே, அதேதான். விலையே இல்லை என்பது வேறு. விலை போட்டுத் தள்ளுபடி என்பது வேறு. தள்ளுபடி வேண்டுமென்றால் கடைக்குள்ளே போய்ச் சீட்டுப் போட்டாக வேண்டும்! பங்கு விற்ற லாபம், லாட்டரிப் பரிசு போன்று தனி விகிதத்திலே வரி விழும் வருமானங்களுக்கு அந்தத் தள்ளுபடியும் செல்லாது.

இனி வாத்தியாரின் கணக்கு. ஓய்வூதியம் ஆண்டுக்கு 4,80,000. அதிலே நிலைக்கழிவு என்று 75,000, எந்த ரசீதும் கேட்காமல், சம்பளக்காரருக்கும் ஓய்வூதியருக்கும் புதிய முறையிலே கழித்துக் கொடுக்கிறார்கள். மீதி 4,05,000. வங்கியிலே போட்டு வைத்த ஓய்வுக்காலப் பணத்துக்கு வட்டி 1,40,000. ஆகமொத்தம் 5,45,000. முதல் 4 லட்சம் போக 1,45,000க்கு நூற்றுக்கு 5 வீதம் 7,250 ரூபாய் வரி. அந்த 7,250ஐயும் தள்ளுபடி விழுங்கிவிடுகிறது. கட்டவேண்டிய வரி பூஜ்யம்.

"அதைத்தானே நானும் சொல்லுதேன்!" என்றார் வாத்தியார்.

அதைத்தான் ஐயா, ஆனால் நீங்கள் அதை வங்கியிடம் சொல்லவில்லை. 60 வயது கடந்தவருக்கு ஒரு வங்கியிலே ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால், மற்றவருக்கு 50,000ஐத் தாண்டினால், நூற்றுக்குப் பத்தைப் பிடித்து உங்கள் பெயரிலே சர்க்காருக்குக் கட்டிவிட வேண்டும் என்பது வங்கிக்கு இட்ட கட்டளை. 2025 ஏப்ரல் முதல் உள்ள வரம்பு இது. உங்களுக்கு வேறு என்ன வருமானம், மொத்தத்திலே வரி உண்டா இல்லையா என்று வங்கி ஆராய்ச்சி செய்யாது. 'எனக்கு வரி வராது, பிடிக்காதே' என்று நீங்கள் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். மூத்த குடிமக்களுக்கு அந்தக் காகிதத்தின் பெயர் 15-எச். மற்றவர்களுக்கு 15-ஜி. 2026 ஏப்ரலிலே புதுச் சட்டம் வந்ததோடு படிவ எண்கள் மாறிவிட்டன. எண்ணை மறந்துவிடுங்கள், 'வரி பிடிக்க வேண்டாமென்ற உறுதிமொழிப் படிவம்' என்று கேட்டு வாங்குங்கள்.

பிடித்த 14,000 காணாமற்போன பணமல்ல. அது உங்கள் பான் எண்ணின்மேல் வரவு வைக்கப்பட்டுக் கிடக்கிறது. வெள்ளம் உங்கள் மரப்பெட்டிக் காகிதத்தைக் கொண்டுபோகலாம். அந்தக் கணக்கைக் கொண்டுபோக முடியாது. வருமான வரித் துறையின் இணையத் தளத்திலே படிவம் 26-ஏஎஸ் என்றும் ஆண்டுத் தகவல் அறிக்கை என்றும் இரண்டு ஏடுகள் உண்டு. யார் யார் உங்கள் பெயரிலே எவ்வளவு பிடித்தார்கள், எந்த வங்கி எவ்வளவு வட்டி கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறது என்பதெல்லாம் அதிலே இருக்கிறது. ஆனால் 'என் பணத்தைக் கொடு' என்று கேட்கும் மனு வருமான வரிக் கணக்குப் படிவம் ஒன்றுதான். அதைப் போடாதவருக்குப் பணம் வராது. வாத்தியார் அதைப் போட்டதே இல்லை. எத்தனை ஆண்டு? "ரிட்டயர் ஆனதிலேருந்து" என்றார், குரலை இறக்கி.

நெஞ்சிலே தைத்தது அந்தப் பதில். கணக்குப் பாடம் நடத்தி எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றிய மனிதர். தன் கணக்கைக் கேட்க ஆளில்லாமல் ஆண்டுதோறும் தன் பணத்தைத் தானே தானமாகக் கொடுத்துவந்திருக்கிறார்! கேட்டுப் பெறாதவன் பணம் கஜானாவிலே தூங்கும். அவன் தாமதித்தால் மட்டும் அபராதம் விழித்துக்கொள்ளும். இந்த ஊர்க் கோவிலிலே இரவிலும் இலை மூடாத புளியமரம் ஒன்று இருக்கிறதாம், உறங்காப்புளி என்கிறார்கள். மரத்தைப் பற்றி நான் வழக்காட வரவில்லை. உறங்காத வேறொன்றை நான் அறிவேன். அதன் பெயர் அபராத வட்டி. கட்டவேண்டியது பாக்கியிருந்தால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்று.

இன்னொரு உண்மையையும் அவரிடம் சொல்லவேண்டி வந்தது. வரி இல்லை என்பதாலே படிவமும் வேண்டாம் என்று ஆகாது. தள்ளுபடிக்கு முந்திய வருமானம் 4 லட்சத்தைத் தாண்டிவிட்டால், வரி பூஜ்யமானாலும் படிவம் போட்டே தீரவேண்டும். அவரைப் போன்றோருக்கு நாள் ஜூலை 31. 2025ஆம் ஆண்டிலே அந்த நாளைச் செப்டம்பர் 15க்கும், கடைசியிலே மேலும் ஒரு நாள் 16க்கும் தள்ளினார்கள். ஒவ்வோர் ஆண்டும் தள்ளுவார்கள் என்று திண்ணையிலே சாய்ந்துவிடக் கூடாது. தவறவிட்டால் டிசம்பர் 31 வரை தாமதப் படிவம் போடலாம். கட்டணம் 5,000 ரூபாய். வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. டிசம்பரும் போய்விட்டால், பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்கும் வழக்கமான வாசல் மூடிக்கொள்கிறது. பிறகு தாமதத்தை மன்னிக்கும்படி வருமான வரி அதிகாரிகளுக்குத் தனி மனு எழுதி, காரணம் காட்டிக் காத்திருக்க வேண்டும். வெள்ளத்திலே காகிதம் போனவர் அப்படி எழுதிப் பார்க்கலாம்.

இந்த வருமான வரி வந்த கதையைச் சொன்னால் வாத்தியார் கொஞ்சம் தெம்படைவார் என்று நினைத்தேன். சொன்னேன். 1857 கிளர்ச்சியை அடக்கப் பெருந்தொகை செலவு செய்து, கஜானா காலியாகி நின்ற பிரிட்டிஷ் சர்க்கார், ஜேம்ஸ் வில்சன் என்பவரை நிதி உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு அனுப்பியது. 'எக்கனாமிஸ்ட்' ஏட்டை நிறுவியவர் அவர். பத்திரிகைக்காரர், அதாவது நம்ம இனம்! 1860இலே அவர் கொண்டுவந்ததுதான் இந்த நாட்டின் முதல் வருமான வரி. ஆண்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் 500 வரை வருமானம் உள்ளவருக்கு நூற்றுக்கு 2. அதற்கு மேல் 4.

எதிர்ப்பு எங்கிருந்து கிளம்பியது தெரியுமா? சென்னையிலிருந்து! அதுவும் வீதியிலிருந்து அல்ல, கோட்டைக்குள்ளிருந்து. சென்னை ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவிலியன், இந்த வரி இந்த மக்களுக்கு ஒவ்வாது என்று எழுதினார். எழுதியதைப் பெட்டியிலே பூட்டி வைக்காமல் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். ஆளுநரே அரங்கத்துக்கு வந்துவிட்டால் ஏகாதிபத்தியம் பொறுக்குமா? பதவியைப் பறித்துச் சீமைக்குத் திருப்பியழைத்தார்கள். வில்சனோ அதே 1860 ஆகஸ்டிலே கல்கத்தாவில் நோயுற்று இறந்தார். வேடிக்கை அதோடு முடியவில்லை. சில ஆண்டு கழித்து அதே டிரெவிலியன் இந்திய சர்க்காரின் நிதி உறுப்பினராகவே திரும்பி வந்தார். அவர் காலத்திலே, 1865இல், அந்த வரி காலாவதியாயிற்று. பிறகு பல உருவிலே வந்து போய், 1886 சட்டத்திலே வேரூன்றியது. 1922, 1961 என்று சட்டங்கள் மாறின. 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலே 819 பிரிவுகள் சேர்ந்துபோயின. அதை மாற்றி 536 பிரிவுகளோடு எழுதிய 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டம். அதற்குப் பிந்திய வருமானத்துக்குப் புதியது. விகிதம் ஏறி இறங்கிய கதை இன்னும் விந்தை. 1970களின் தொடக்கத்திலே உச்ச விகிதம் மேல்வரியோடு சேர்த்து நூற்றுக்கு 97.75 வரை போயிருக்கிறது! சம்பாதித்த நூறிலே இரண்டேகால் ரூபாய் மிச்சம். மறைப்பதைக் கலையாகக் கற்றவர்கள் அந்தக் காலத்திலே பெருகினார்கள் என்றால் வியப்பென்ன?

"கதை இருக்கட்டும் தம்பி. எனக்கு மூணு ஏக்கர் வாழையும் இருக்கு. அதையும் சொல்லணுமா?"

இங்கேதான் தாமிரபரணிக் கரைக்காரர் கவனமாகக் கேட்கவேண்டிய பாடம். விவசாய வருமானத்துக்கு மத்திய சர்க்கார் வரி போட முடியாது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலே, விவசாய வருமானத்தின்மேல் வரி என்பதை மாநிலப் பட்டியலிலே வைத்திருக்கிறார்கள். வாழை, நெல், வெற்றிலை எதுவானாலும் சரி, நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வரும் பணமானாலும் சரி, விவசாய வருமானமே. ஆனால் வாழைக்காயைச் சீவி எண்ணெயிலே போட்டு வற்றலாக்கி விற்றால் அது வியாபாரம். பக்கத்துத் தோட்டத்துத் தாரை வாங்கிச் சந்தையிலே விற்றாலும் வியாபாரமே.

வரி இல்லை என்பதாலே படிவத்திலே சொல்லாமல் விடக் கூடாது. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால், இரண்டையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறார்கள். வாத்தியாருக்கு வாழையிலே செலவு போக நின்றது 4 லட்சம் என்று வைத்தோம். 5,45,000ஐயும் 4,00,000ஐயும் கூட்டினால் 9,45,000. அதற்கு அட்டவணைப்படி வரி 34,500. பிறகு விவசாய வருமானம் 4 லட்சத்தோடு விலக்கு வரம்பு 4 லட்சத்தைக் கூட்டி, அந்த 8 லட்சத்துக்குப் போடும் வரி 20,000. முன்னதிலே பின்னதைக் கழித்தால் 14,500. பார்த்தீர்களா? வாழைக்கு வரியில்லை, ஆனால் வாழை கீழே வந்து குந்திக்கொண்டு ஓய்வூதியத்தை ஒரு படி மேலே ஏற்றிவிட்டது! 7,250 இருந்த இடத்திலே 14,500. நல்லவேளை, விவசாயம் சேராத வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடி இதையும் விழுங்கிவிடுகிறது. மறுபடியும் பூஜ்யம். ஒரே மாற்றம்: எளிய 'சஹஜ்' படிவம் அவருக்குப் பொருந்தாது, இரண்டாம் எண் படிவம் போடவேண்டும். எத்தனையோ பேர் முதல் படிவத்தையே போட்டு வாழையை மறைத்துவிடுகிறார்கள். மறைத்து மிச்சம் பிடித்தது ஒன்றுமில்லை. சம்பாதித்தது பயம் மட்டுமே.

இதற்குள்ளே கடையிலே கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்துக்கு வராதவரெல்லாம் இந்தக் கூட்டத்துக்கு வந்தார்கள்! அதிலே ஒரு வாலிபர், தூத்துக்குடியிலே தனியார் கம்பெனியிலே வேலை. நாங்கள் பேசியதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே, "எனக்கு ஒருத்தர் போட்டுக் கொடுத்தார் அண்ணாச்சி. பிடிச்ச 60,000 ரூபாயும் அப்படியே வந்துட்டு. அவருக்கு ஆறாயிரம் கொடுத்தேன்" என்றார்.

எப்படி வந்தது? தாளைக் கைப்பேசியிலே திறந்து காட்டினார். பழைய முறையிலே போட்டிருந்தது. பழைய முறையிலே கழிவுகள் பல உண்டு: சேமிப்புக்கு ஒன்றரை லட்சம் வரை, வீட்டு வாடகைப்படி, மருத்துவக் காப்பீடு, கல்விக் கடன் வட்டி, நன்கொடை. உண்மையாகச் செலவு செய்தவருக்கு உரிமையான கழிவுகள்தாம். இந்தத் தம்பி இருப்பதோ சொந்த வீடு, படிவத்திலே வாடகை. கல்விக் கடன் வாங்கியதே இல்லை, படிவத்திலே வட்டி. அதற்கும் கீழே, ஓர் அரசியல் கட்சிக்குப் பெருந்தொகை நன்கொடை!

"எந்தக் கட்சிக்குத் தம்பி கொடுத்தாய்?" என்று கேட்டேன். விழித்தார். கட்சியின் பெயர்கூட அவருக்குத் தெரியவில்லை! நாலணா உண்டியலுக்கு நாள் முழுக்கத் தெருத் தெருவாக அலைந்த தொண்டர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். பெயரே தெரியாத கட்சிக்கு இப்படி வாரி வழங்கிய வள்ளலை அன்றுதான் கண்டேன்.

சிரிப்பு அடங்கியதும் விவரம் சொன்னேன். 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை நாடெங்கும் 150 இடங்களிலே சோதனை நடத்தியது. இப்படிப் பொய்க் கழிவு எழுதிக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் தரகர் கூட்டங்களைக் குறிவைத்த சோதனை. தமிழ்நாடும் அந்தப் பட்டியலிலே இருந்தது. அதற்கு முந்திய நாலு மாதத்திலே ஏறத்தாழ 40,000 பேர் தாங்களாகவே படிவத்தைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். தரகர்களின் தந்திரம் ஒன்றும் அப்போது வெளியாயிற்று: படிவத்திலே உங்கள் மின்னஞ்சலை எழுதாமல், தாங்களே ஒரு தற்காலிக முகவரியை உண்டாக்கி எழுதிவிடுகிறார்கள். நோட்டீசு அங்கே போய் விழுகிறது. படிக்க ஆளில்லை. கடைசியிலே நடவடிக்கை வரும்போது நிற்பது தரகரல்ல, கையெழுத்துக்கு உரியவர்.

தம்பியின் படிவத்திலே இருந்த மின்னஞ்சல் அவருடையதல்ல. முகம் வெளுத்துவிட்டது. வருமானத்தைத் தவறாகக் காட்டியதென்று முடிவானால், அந்த வரியைப்போல் இரண்டு மடங்கு அபராதம். 60,000க்கு 1,20,000, அசலும் வட்டியும் வேறு. ஆனால் வழி அடைபடவில்லை. நடவடிக்கை தொடங்குமுன் தானே முன்வந்து 'புதுப்பித்த படிவம்' போடலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் என்றால் வரியோடும் வட்டியோடும் அவற்றின்மேல் நூற்றுக்கு 25 கூடுதல். இரண்டாம் ஆண்டிலே 50, மூன்றாம் ஆண்டிலே 60, நான்காம் ஆண்டிலே 70. வாங்கிய 60,000ஐயும் வட்டியையும் வைத்து, மேலே பதினையாயிரத்துக்குச் சற்று அதிகமாக வைக்கவேண்டும். "ஆறாயிரம் கமிஷன்?" என்றார் பாவம். அது போனதுதான் தம்பி. அவர் முன்வந்து திருத்தப்போகிறார் என்பது, முகவரியை மாற்றுவது எப்படி என்று அவர் கேட்ட வேகத்திலே தெரிந்தது.

ஒரு வார்த்தை, வரி கட்டுவோர் கொஞ்சம் பேர்தான், மற்றவரெல்லாம் ஓசிச் சோறு என்று பேசும் மேதாவிகளுக்கு. பல் துலக்கும் பசைக்கு 2025 செப்டம்பர் 21 வரை நூற்றுக்கு 18 வரி. அதன் பிறகு 5. வாழைத்தார் சுமக்கும் கூலியாளும் அதைக் கொடுத்தே வாங்குகிறார். வரி கொடுக்காத வாய் இந்த நாட்டிலே இல்லை. வருமான வரிக்கும் வருவோம்: வசூலாவதிலே ஒரு பகுதி மாநிலங்களுக்குப் பங்காகத் திரும்புகிறது, அரசியல் சட்டம் 270ஆம் பிரிவின்படி. அந்தப் பங்கிலே தமிழ்நாட்டுக்கு ஒன்பதாவது நிதிக்குழு வைத்தது 7.931 விழுக்காடு, 2021-26க்குப் பதினைந்தாவது நிதிக்குழு வைத்தது 4.079. இதுவாவது பங்கு. வரியின்மேல் சுகாதாரத்துக்கும் கல்விக்கும் என்று நூற்றுக்கு 4 தீர்வை போடுகிறார்களே, அது பங்கிடும் பானையிலே விழுவதே இல்லை! யானை புகுந்த வயலைப் பற்றிப் பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் புகன்ற அறிவுரையை 2019 ஜூலையிலே நிர்மலா சீதாராமன் நாடாளுமன்றத்திலே எடுத்துச் சொன்னார். சொன்னது அழகு. கவளத்தை யார் உருட்டுகிறார்கள், யாருக்கு ஊட்டுகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு; அந்த உரிமையைக் கேட்கிறவன் தன் கணக்கைச் சுத்தமாக வைத்துக்கொண்டு கேட்டால் குரல் இன்னும் எடுப்பாக இருக்கும்.

மறுநாள் காலையிலே வாத்தியார் வீட்டிலே வேலை தொடங்கியது. கல்லூரியிலே படிக்கும் பேத்தி கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்தாள். பான் எண்தான் பயனர் பெயர். பானும் ஆதாரும் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலிலே பார்த்தாள், இருந்தது. இல்லாதிருந்தால் வங்கி நூற்றுக்கு இருபதாகப் பிடித்திருக்கும். ஓய்வூதியம், வட்டி, பிடித்தம் எல்லாம் படிவத்திலே தாமாகவே வந்து நின்றன. வந்து நிற்பதை அப்படியே நம்பக் கூடாது என்று சொல்லியிருந்தேன். வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தபோது சேமிப்புக் கணக்கு வட்டி 2,300 விடுபட்டிருந்தது. சேர்த்தாள். வாழையைச் சேர்த்தாள். பணம் வந்துசேர வேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்திலே சரிபார்த்து உறுதிசெய்தாள். எந்தக் காகிதத்தையும் இணைக்கவேண்டியதில்லை. வீட்டிலே வைத்திருந்தால் போதும். கீழே திரும்பக் கிடைக்கவேண்டிய தொகை: 14,000.

"அவ்வளவுதானா?" என்றார் வாத்தியார். அவ்வளவில்லை. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். அனுப்பியபின் 30 நாளுக்குள் 'இது நான் போட்டதுதான்' என்று உறுதிசெய்யவேண்டும். அதைச் செய்யாவிட்டால் உரிய நாளிலே போட்டதாகவே கொள்ளமாட்டார்கள். எளிய வழி, ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல். இணைந்திருந்த எண்ணோ கோயம்புத்தூரிலே இருக்கும் மகனுடையது! அவர் தறிக்கூடத்திலே இருந்தார். இரண்டு முறை மணியடித்தும் எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்து, தறிச் சத்தத்துக்கு நடுவே ஆறு இலக்கங்களைக் கத்தினார். பேத்தி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லித் தட்டினாள். பச்சை நிறத்திலே ஒரு குறி வந்தது. வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் குறியை வெகுநேரம் பார்த்தார்.

"75 வயசுக்குப் பிறகும் இதே பாடுதானா?" என்றார். ஓய்வூதியமும் அதே வங்கியின் வட்டியும் மட்டுமே வருமானமானால், 75 கடந்தவர் வங்கியிலே ஓர் உறுதிமொழி கொடுத்துவிட்டால் வங்கியே கணக்குப் பார்த்துக்கொள்ளும், படிவம் வேண்டாம். "வாழை இருக்கே" என்றார் அவரே. இருக்கிறதே!

நிலையத்துக்கு என்னை அனுப்பிவைக்க அவரும் வந்தார். கூடவே ஒரு மளிகைக் கடைக்காரர், கையிலே சிவப்பு அட்டை போட்ட கணக்கு நோட்டு. ஆண்டுக்கு 40 லட்சம் விற்றுமுதல், எல்லாம் ரொக்கம். முழுப் பேரேடும் எழுத வராது, என்ன செய்ய என்று கேட்டார். சிறு வியாபாரிக்கு 'சுகம்' என்றொரு படிவம் உண்டு. விற்றுமுதலிலே நூற்றுக்கு 8ஐ லாபமாக ஒப்புக்கொண்டால் போதும். பணம் கைப்பேசி வழியாகவோ வங்கி வழியாகவோ வந்த விற்பனைக்கு 6. 40 லட்சத்துக்கு 8 வீதம் 3,20,000; 4 லட்சத்துக்குள் இருப்பதாலே வரியில்லை. படிவமும் கட்டாயமில்லை. ஆனால் கடையை விரிவாக்க வங்கிக் கடன் கேட்கும் நாளிலே முதலில் கேட்பது அந்தப் படிவத்தின் நகலைத்தான்.

"இந்தச் சீட்டு ஸ்கேன் பண்ணி வாங்குறதுக்கு ஆறுதானா? அப்போ அதை எடுத்து முன்னாலே வைக்கணும்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டு நோட்டைப் புரட்டினார் கடைக்காரர். "அடுத்தது ஒண்ணு கேக்கணும் அண்ணாச்சி, என் சம்சாரம் பேரிலே ஒரு சீட்டு போட்டிருக்கேன்..."

திருநெல்வேலி வண்டிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நடைமேடைப் பலகையிலே மூவரும் உட்கார்ந்தோம்.